பின்வளவுப் பாதை: ஒரு வேலிப் பிணக்கின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் வடக்கில் உள்ள வன்னியில் காணிப் பிரச்சினை என்றால் வெளியில் இருப்பவர்களுக்கு இராணுவ முகாமும் வனத் திணைக்களத்தின் எல்லைக்கல்லும்தான் நினைவுக்கு வரும். அவை உண்மைதான். ஆனால் கிராம அலுவலரின் மேசைக்கும் பொலிசுக்கும் மத்தியஸ்த சபைக்கும் ஓயாமல் வருவது வேலிச் சண்டை. அடுத்த வளவுக்காரர் வேலிக் கம்பான கதியாலை ஓரடி எங்கள் பக்கம் அரக்கிவிட்டார், பாதையில் விறகு அடுக்கிவிட்டார், மழைத்தண்ணீரை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார், படலைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார். கேட்பவருக்கு இது சில்லறை விஷயம். அந்தப் பாதையால்தான் நெல்மூட்டை வெளியே போகவேண்டும் என்று இருப்பவருக்கு அப்படியில்லை.

இங்கே எழுதுவது முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டான் பக்கம், குளத்துக்குக் கீழான ஒரு குடியேற்றத் திட்டத்தில் நடந்த பிணக்கு. ஆட்களை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பாதை மறிக்கப்பட்டவரைப் பின்வளவு அக்கா என்றும், மறித்தவரை முன்வளவுக்காரர் என்றும் சொல்கிறேன். இந்தப் பிணக்கில் எல்லையும் பாதையும் ஒன்றாகக் கலந்துவிட்டன. கலந்திருந்த வரைக்கும் எதுவும் தீரவில்லை. இரண்டையும் பிரித்த பிறகுதான் ஒன்றாவது தீர்ந்தது. ஆய்வாக எழுதக் காரணம் அதுதான்.

காணி இரண்டானது

அக்காவின் தகப்பனுக்கு எழுபதுகளில் இரண்டு ஏக்கர் மேட்டுக்காணி பேர்மிற்றில் கிடைத்தது. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் அனுமதிப்பத்திரம். வன்னியில் குளங்களுக்குக் கீழ் குடியேறிய குடும்பங்களின் கையில் பெரும்பாலும் இருப்பது இந்தப் பத்திரம்தான், சொந்தக் காணிக்கான உறுதிப்பத்திரம் அல்ல. காணி அரசுக்குச் சொந்தம். குடும்பம் அதில் இருந்து பயிர் செய்யலாம். நினைத்தபடி விற்க முடியாது, நினைத்தபடி துண்டாடவும் முடியாது.

சட்டம் அப்படி. பிள்ளைகள் வளர்ந்து கலியாணம் கட்டினால் தகப்பன் என்ன செய்வார்? நடுவில் ஒரு வேலி போட்டார். முன்பக்கம் மகனுக்கு, பின்பக்கம் மகளுக்கு. மேற்கு வேலியோரம் லான்ட்மாஸ்ரர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியோடு போய்வரக்கூடிய அகலத்தில், ஏறக்குறையப் பன்னிரண்டு அடி, பாதை விட்டார். எந்தக் காகிதத்திலும் இது இல்லை. திட்ட வரைபடத்தில் இன்றைக்கும் அது ஒரே துண்டு, ஒரே இலக்கம். உள்ளே பாதை என்று ஒன்று கிடையாது. எனக்குத் தெரிந்த பின்வளவுப் பிணக்குகள் அநேகமாக எல்லாமே இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. தகப்பன் உயிரோடு இருக்கும்வரை அவருடைய வாய்ச்சொல்லே வரைபடம். அவர் போனபிறகு வரைபடம் ஆளுக்கொன்று.

2008 இறுதியில் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. செட்டிகுளம் முகாம்களுக்குப் போய்த் திரும்பி வந்தபோது வளவு காடு. கதியாலாக நட்ட பூவரசும் கிளுவையும் மரமாகிவிட்டன. இப்படித் திரும்பிய பல ஊர்களில் பழைய ஒழுங்கைகள் பற்றைக்குள் மறைந்துபோக, கண்ணிவெடி அகற்றியவர்கள் வெட்டிய தடமும் வீட்டுத்திட்டத்துக்குக் கல்லும் மணலும் ஏற்றிய டிரக்டர் தடமும்தான் புதுப் பாதைகளாகின. இந்த வளவில் பாதை பழைய இடத்துக்கே திரும்பியது. ஒரேயொரு இடத்தில் தவிர. பாதையின் நடுப்பகுதியில் செல் (எறிகணை) விழுந்த கிடங்கு, ஒரு பெரிய பள்ளம். மாரியில் அது குளமாகிவிடும். மணல் டிரக்டர் அதைச் சுற்றிக் கிழக்கே வளைந்து போக, பிறகு எல்லோரும் அந்த வளைவாலேயே போனார்கள். கிடங்குக்கும் வளைவுக்கும் இடையில் ஒரு முக்கோணத் துண்டு பற்றையாகக் கிடந்தது. பிற்காலத்தில் அந்த முக்கோணத்தைப் பற்றியும் பிணக்கு வரும் என்று அப்போது யார் கண்டார்கள்?

மறித்த விதம்

சில வருடங்களில், முன்வளவு கிடைத்த அக்காவின் தம்பி குடும்பத்தோடு வெளிநாடு போனார். போகும்போது முன்வளவை ஒருவருக்குக் கொடுத்துக் காசு வாங்கினார். பேர்மிற் காணியை விற்க முடியாது என்பதால் ‘ஒப்படைப்புக் கடிதம்’ ஒன்று எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு சாட்சி வைத்துக் கையெழுத்துப் போட்டார்கள். சட்டத்தின் முன் அந்தக் கடிதத்துக்குப் பெறுமதி இல்லை. ஊரில் எத்தனையோ வளவுகள் இப்படித்தான் கைமாறியிருக்கின்றன.

முன்வளவுக்காரரைக் கெட்டவராகக் காட்டினால் எழுதுவது சுலபமாகிவிடும், ஆனால் அது சரியாக இராது. தம்பி அவருக்குச் சொன்னது இது: “அக்கா அங்காலப் பக்கத்தால ஒரு பாதை எடுப்பா, அதுவரைக்கும் இதால போய்வரட்டும்.” அவர் அதை நம்பித்தான் காசு கொடுத்தார். பின்வளவில் வேறு பக்கத்தால் பாதை எடுக்க வழியே இல்லை. பின்னால் வாய்க்கால், இரு பக்கமும் மற்றவர்களின் வளவு. அதோடு அக்காவின் ஆடுகள் அவர் வைத்த தென்னங்கன்றுகளை இரண்டு தரம் கடித்துவிட்டன. கேட்கப்போன அவருடைய மனைவிக்கு அக்கா சொன்ன பதில் எழுதக்கூடியதாக இல்லை.

முதலில் பாதையோரம் விறகு. பிறகு மோட்டார் சைக்கிள். பிறகு வேலி. வேலியை ஒரே நாளில் யாரும் அரக்குவதில்லை. அடைக்கிற பருவம் வரும்போது பழைய கதியாலுக்கு வெளியே புதுக் கதியால் நடுவார்கள், அடுத்த வருடம் உள்ளே நிற்கிற பழையதைத் தறிப்பார்கள். இப்படியே பாதை லான்ட்மாஸ்ரர் போகமுடியாத அளவுக்கு ஒடுங்கிவிட்டது. முன்வளவுக்காரரின் மகன் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பத் தொடங்கியதும் மதிலுக்கு அத்திவாரம் வெட்டினார்கள். வெட்டிய மண்ணைப் பாதையில் போட்டுவிட்டு, வாசலில் கேற் போட்டுச் சங்கிலியால் பூட்டினார்கள். அது மாசிமாதம். காலபோக (மாரிகாலப் பெரும்போக) நெல்லு வெட்டிக் காயப்போட்டு மூட்டை கட்டியிருந்த நேரம்.

அக்கா பக்கம் எடுத்த நடவடிக்கைகள்

அன்றிரவே அக்காவின் மகன் சங்கிலியை அறுத்துவிட்டான். வயதும் கோபமும் அப்படி. அடுத்த நாள் காலையில் முன்வளவுக்காரர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார்: அத்துமீறி நுழைந்து சொத்துக்குச் சேதம். அதுவரை பாதை மறிக்கப்பட்டவராக இருந்த அக்கா ஒரே இரவில் குற்றவாளியின் தாயாகிவிட்டார். பொலிசில் அவர் பாதையைப் பற்றிச் சொல்லச் சொல்ல, “அது காணிப் பிரச்சினை அம்மா, கச்சேரிக்குப் போங்கோ” என்று அரச செயலகத்தைக் காட்டிவிட்டுச் சங்கிலி விஷயத்தை மட்டும் எழுதினார்கள். இந்த இடத்தில் அக்கா கேட்டிருக்கவேண்டியது, பாதை மறிக்கப்பட்டதைத் தன்னுடைய முறைப்பாடாகத் தனியாகப் பதியும்படியும் அதன் இலக்கத்தைத் தரும்படியும்தான். கேட்கவில்லை. அப்படி நிற்கும்போது யாருக்கு அது தோன்றும்?

இரண்டாவது நடவடிக்கை இன்னும் ஆபத்தானது. ஊரில் பெட்டிசம் எழுதுகிற ஒருவர், முன்வளவுக்காரரின் கடிதம் சட்டப்படி செல்லாது, அதை வைத்து அவரைக் கிளப்பிவிடலாம் என்று யோசனை சொன்னார். பிரதேச செயலகத்துக்குக் கொடுக்க மனுவும் தயாரானது. நல்லவேளையாகக் கொடுக்குமுன் ஓய்வுபெற்ற குடியேற்ற உத்தியோகத்தர் ஒருவரிடம் அதைக் காட்டினார்கள். அவர் வாசித்துவிட்டுக் கேட்டது ஒரேயொரு கேள்வி: “பேர்மிற் ஆற்ற பேரில பிள்ளை கிடக்கு?”

தகப்பனின் பேரில். தகப்பன் இறந்து பல வருடம். தனக்குப் பிறகு காணியைப் பெறும் பின்னுரித்தாளர் யாரையும் அவர் நியமித்திருக்கவில்லை. நியமனம் இல்லாவிட்டால் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி உரிமை போகும், அதில் நெடுங்காலம் ஆண்பிள்ளைக்குத்தான் முதலிடம். 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம்தான் ஆண், பெண் வேறுபாட்டை எடுத்தது. ஆகவே கணக்குப்படி அக்காவின் நிலையும் உறுதியானதல்ல. முன்வளவுக்காரரின் கடிதத்தைக் கிழிக்கப்போனால், அனுமதியில்லாமல் துண்டாடப்பட்ட முழுக்காணியும் விசாரணைக்கு வரும். காணி அரசாங்கத்தினுடையது என்பதால், யாராவது ஒருவர் அதை நினைவுபடுத்தினால் அது இருவருக்கும் பொருந்தும். மனு அப்படியே பைக்குள் போனது. இந்த ஒரு விஷயத்தில் அக்கா தப்பியது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்லவேண்டும். ஆத்திரத்தில் போட்ட பெட்டிசத்தால் இரு தரப்பும் கச்சேரிப் படியேறிக் களைத்த கதைகள் நிறைய உண்டு.

மூன்றாவது, ‘பத்து வருடக் கதை’. பத்து வருடத்துக்கு மேல் பாவித்த பாதை, இனி யாரும் மறிக்கமுடியாது என்று ஊரில் எல்லோரும் சொன்னார்கள். உறுதிக்காணி என்றால் அதில் விஷயம் இருக்கிறது. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் என்றுதான் சொல்கிறது. போர்க்காலத்தில் காணியை விட்டுப் போனவர்களுக்கு எதிராக அந்தப் பத்து வருடம் ஓடக்கூடாது என்று 2016இல் 5ஆம் இலக்கச் சட்டமும் வந்தது. 1983 மே 1 தொடக்கம் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் விடுவதற்கு. ஆனால் அரசகாணிக்கு இந்தப் பத்து வருடக் கணக்கு செல்லாது. பேர்மிற் வளவுக்குள் நின்று ‘பத்து வருடம்’ என்பது ஊர்க்கதைதான்.

ஆதாரம் கிடைத்த இடம்

மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பித்தார்கள். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி இயங்கும் சபை. சனி, ஞாயிறுகளில் பள்ளிக்கூடத்தில் கூடும். செலவில்லை, வழக்கறிஞர் இல்லை. நல்ல ஏற்பாடு, இரு தரப்பும் வந்தால். முன்வளவுக்காரர் வரவில்லை.

அதற்குள் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்தில் ஒரு சட்டத்தரணியைக் கண்டார்கள். அக்கா தகப்பன் காலத்திலிருந்து தொடங்கினார். வேலி எங்கே இருந்தது, தம்பி என்ன செய்தான், முக்கோணத் துண்டு யாருடையது. சட்டத்தரணி கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: “அக்கா, எல்லையை இப்ப விடுங்கோ. கேற்றை எப்ப பூட்டினவை? அதுக்கு முதல் நாள் மட்டும் நீங்கள் அதால போனதுக்கு என்ன காட்டுவியள்?”

திருப்பம் இந்தக் கேள்விதான். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணிப் பிணக்கால் சமாதானம் குலையக்கூடும் என்ற நிலையில் பொலிசாரோ தரப்பினர் ஒருவரோ நேரடியாக நீதிமன்றத்துக்குப் போக வழிவிடுகிறது. காணி யாருக்குச் சொந்தம் என்று அங்கே தீர்ப்பதில்லை. உடைமைப் பிணக்கு என்றால் யார் கையில் காணி இருந்தது, இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டாரா என்று 68ஆம் பிரிவின் கீழ் பார்ப்பார்கள். பாதை, தண்ணீர் போன்ற மற்ற உரிமைகளுக்கு 69ஆம் பிரிவு. அங்கே இரண்டு மாதக் கணக்கு அதேபோல எழுதப்படவில்லை. ஆனாலும் மறித்த பிறகு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தவர் ‘நான் அனுபவித்து வந்தேன்’ என்று காட்டுவது கஷ்டம். அதனால் இரண்டு மாதத்துக்குள் போய்விடுவதுதான் புத்தி. மத்தியஸ்த சபையில் விண்ணப்பம் கிடக்கிறது என்பதற்காக நாள் நின்று காத்திருக்காது.

விசாரணை பெரும்பாலும் சத்தியக்கடதாசியிலும் ஆவணத்திலும்தான் நடக்கும். அயலவர்கள் மூவர் சத்தியக்கடதாசி கொடுக்க முன்வந்தார்கள், ஒருவர் பிறகு பின்வாங்கினார். வீட்டுத்திட்டக் கோப்பில் இடப்படம் தேடினார்கள், இல்லை. கூகுள் ஏர்த்தில் பழைய செய்மதிப் படங்களை ஓட்டிப் பார்த்தபோது மண் தடம் தெரிந்தது, ஆனால் அது வளைந்த தடம். எதிர்ப்பக்கம் அதையே பிடித்துக்கொண்டு, ‘உண்மையான பாதை இதுவல்ல’ என்று சொல்லக்கூடும்.

உதவியது மின்கம்பம். அக்கா வீட்டுக்கு மின்சாரம் எடுத்தபோது கம்பி முன்வளவைத் தாண்டி வரவேண்டியிருந்ததால் தம்பியிடம் சம்மதக் கடிதம் வாங்கியிருந்தார்கள். தன்னுடைய வளவின் ‘மேற்கு எல்லையில் உள்ள பொதுப்பாதை ஓரமாக’க் கம்பி இழுக்க ஆட்சேபனை இல்லை என்று அவர் கைப்பட எழுதியிருந்தார். அதன் பிரதி அக்காவிடம், பழைய கரண்ட் பில்களோடு சேர்த்து, சீலைப் பெட்டிக்குள் கிடந்தது. காணியோடு சம்பந்தப்படாத ஒரு காகிதம். ஆனால் காணி கொடுத்தவரே பாதை உண்டு என்று சொன்ன ஒரே காகிதம். கம்பமும் நிற்கிறது, அரக்கிய வேலிக்கு உள்ளே. கம்பத்தடியில் மண்ணைக் கிளறிப் பார்த்தால் தறித்த பூவரசின் வேர்க்கட்டைகள் ஒரே கோட்டில் வரிசையாக இருக்கின்றன, பழைய வேலி போன இடம் அது. அவற்றின் மேல் நாடாவைப் பிடித்துப் படம் எடுத்தார்கள். வேலி அரக்குபவர்கள் கதியாலைத் தறிப்பார்களே தவிர வேரைக் கிண்டமாட்டார்கள்; பூவரசம் வேரைக் கிண்டிப் பார்த்தவர்களுக்குக் காரணம் தெரியும்.

உடன்பாடு

நீதிமன்றத்தில் நீண்ட விசாரணை நடக்கவில்லை. 66ஆம் பிரிவின்படி விசாரணைக்கு நாள் குறிக்குமுன் இணக்கத்துக்கு முயலவேண்டும். முன்வளவுக்காரரின் சட்டத்தரணியும் சம்மதக் கடிதத்தைப் பார்த்துவிட்டு, கூடவே தன் கட்சிக்காரரின் ஒப்படைப்புக் கடிதம் எப்படிப்பட்டது என்பதையும் நினைத்துப் பார்த்துவிட்டு, பேசலாம் என்றார். மன்றம் ஒத்திவைத்த இடைவெளியில் வளவிலேயே பேச்சு நடந்தது. கிராம அலுவலர் வந்தார். கோவில் தர்மகர்த்தா ஒருவரும் வந்தார், யாரும் கூப்பிடாமலே.

அக்கா பன்னிரண்டு அடி கேட்டார். முன்வளவுக்காரர் எட்டு என்றார். அகலத்தைப் பற்றி வாதாடுவதை நிறுத்தி, வாடகைக்கு ஓடும் ஒருவரின் லான்ட்மாஸ்ரரைப் பெட்டியோடு கொண்டுவந்து பாதைக்குள் விட்டுத் திருப்பிப் பார்த்தார்கள். வாசலில் திரும்புவதற்குப் பத்தடி வேண்டியிருந்தது. அதை இருவரும் கண்ணால் கண்டதால் பிறகு பேச்சு இல்லை. பத்தடி, மின்கம்பக் கோட்டிலிருந்து அளந்து, ஒரே நேராக. அத்திவாரத்தில் ஒரு பகுதி மூடப்பட்டு உள்ளே தள்ளி வெட்டப்படும்; கூலியில் பாதியை அக்கா கொடுப்பார். இந்தப் பாதிக்கூலி அநியாயம் என்று அக்காவின் மகன் இன்றைக்கும் சொல்கிறான். எனக்கு அப்படித் தெரியவில்லை. மதில் கட்டும் ஆசையைக் கைவிடச் சொல்லாமல் இடத்தை மட்டும் மாற்றச் சொன்னதால்தான் அவர் இறங்கி வந்தார்.

கேற் இருக்கலாம், பூட்டு இருக்கக்கூடாது. யானை வருகிற இடமாதலால் இரவில் குறுக்குமரம் போட்டு மறிக்க இருவருக்கும் உரிமை. செல் விழுந்த கிடங்கை அத்திவார மண்ணாலேயே நிரப்பினார்கள். மாரித்தண்ணீர் பாதையின் மேற்குக் கரையால் ஓட வாய்க்கால். அக்காவின் ஆடுகள் பாதையில் கட்டாமல் நடக்கக்கூடாது. சங்கிலி முறைப்பாட்டை முன்வளவுக்காரர் மீளப்பெறுவார். இவ்வளவும் எழுத்தில், நீதிமன்றப் பதிவில். இது தற்காலிக ஏற்பாடு, உரித்தைப் பற்றிக் குடியியல் நீதிமன்றம் வேறுவிதமாகத் தீர்த்தால் அதுதான் செல்லும் என்பதும் அதில் உண்டு.

எல்லை? அது அப்படியே கிடக்கிறது. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதிக்கு இரு தரப்பும் சேர்ந்து ஒரு கடிதம் கொடுத்திருக்கிறார்கள்: பாவனையில் உள்ளபடி காணியைப் பார்வையிட்டு, நில அளவைத் திணைக்களத்தால் அளந்து, பாதையைத் தனித்துண்டாகக் காட்டித் தரவேண்டும் என்று. பாதை வரைபடத்தில் ஏறினால் அடுத்த தலைமுறைக்குச் சம்மதக் கடிதம் தேடவேண்டி வராது. தனியார் நில அளவையாளரைக் கொண்டு அளக்கலாமா என்று முன்வளவுக்காரர் கேட்டார். அளக்கலாம், பேச்சுக்கு உதவும், ஆனால் அரசகாணியில் அந்த வரைபடம் யாருக்கும் உரித்துத் தராது. துண்டுகளின் அளவு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் வருகிறதா, வெளிநாட்டில் இருக்கும் தம்பி எழுத்தில் என்ன சொல்லப்போகிறார் என்பதெல்லாம் இனித்தான்.

நேராக்கிய பாதைக்கு வெளியே விடுபட்ட முக்கோணத் துண்டில் இப்போது முன்வளவுக்காரரின் வாழை நிற்கிறது. அளவை முடியும்வரை அதில் கட்டிடம் எழுப்புவதில்லை என்று உடன்பாட்டில் எழுதியிருக்கிறார்கள். குலை வெட்டுவது யார் என்று எழுதவில்லை. அக்காவின் மகன் அதைப் பற்றி ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டான்.